நான் நம்பாமல் விட்ட மூன்று நாள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் வீடு. பாலம் தாண்டி மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. ஊழியர்களின் புகார்களைக் கவனிப்பது என் பொறுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்ட் முடிந்ததும் ஒரு பெண் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். சூப்பர்வைசர் ஸ்டோருக்குக் கூப்பிட்டு இடுப்பில் கை வைக்கிறார், இது மூன்றாவது தடவை என்றாள்.

அவரை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். என் அப்பா இறந்தபோது சுடுகாடு வரை கூடவே நின்றவர். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: “அவரா? அப்படிப்பட்ட ஆள் இல்லையேம்மா. தெரியாம பட்டிருக்கும்லா.”

“சரிக்கா” என்று எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஏதோ வேலையாக அவர்கள் பகுதிக்குப் போனேன். சூப்பர்வைசர் அவள் பின்னால் வந்து நின்றார். தொடக்கூட இல்லை. அவள் தோள்கள் இரண்டும் காது வரை ஏறிக்கொண்டன. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உடனே அவளை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நீங்க என்னை நம்பணும்னு கேக்கலக்கா. சொல்றத எழுதிக்கிட்டா போதும்.”

எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அன்றே அவரை வேறு பகுதிக்கு மாற்றச் செய்தேன். அவர் எனக்கு வேண்டியவர், அதனால் விசாரணையில் நான் உட்காரக் கூடாது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் சூப்பர்வைசர் என் வழியை மறித்தார். “நீயே எனக்கு இப்படிச் செய்யலாமா தங்கச்சி? எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு.”

“விசாரணையில சொல்லுங்கண்ணே” என்று மட்டும் சொல்லி, காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

விசாரணையில் இன்னும் இரண்டு பெண்கள் வாய் திறந்தார்கள். அதில் ஒருத்தி ஏழு வருடமாக என்னோடு தினமும் மதியம் சாப்பிடுகிறவள். ஒருநாளும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். எதிரே பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் ஆளைப் பார்த்தே எடைபோடத் தெரியும் என்ற என் திமிரால் வீணான அந்த மூன்று நாளும் அவள் எப்படி அவர் எதிரே நின்று வேலை செய்தாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.