இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருந்தபோது

மாதவிடாய் குறைந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மகளுக்குப் பிறகு தங்கிய இரண்டாவது கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உடம்பு இளைப்பாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொல்கத்தாவில், அலிப்பூரில் மருத்துவர் ஹிஸ்டிரோஸ்கோபி (மெல்லிய குழாய்வழி கேமரா செலுத்திக் கருப்பைக்குள் பார்ப்பது) செய்தார். உட்சுவர்கள் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்துவிட்டார்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"உங்க தப்பு எதுவும் இல்லை. மறுபடி ஒட்டாதுன்னு மட்டும் சொல்ல முடியாது" என்று ஈஸ்ட்ரோஜன் (உட்சுவர் வளர உதவும் ஹார்மோன்) மாத்திரை எழுதினார்.

எங்கள் பாலிகஞ்ச் குடியிருப்பில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு குழந்தைதான். எதிர்வீட்டு பௌதி, அதாவது அண்ணி, "ஒண்ணை ஆளாக்குறதுக்குள்ளயே உயிர் போகுது, நீ இன்னொண்ணு கேக்குறியே" என்று சிரிப்பார். மதுரையிலிருந்து அம்மா, "பாப்பாவுக்கு ஒரு துணை வேண்டாமாடி?" என்பார். இருவர் சொல்வதும் சரியென்றே தோன்றும்.

ஒருநாள் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். காத்திருந்தவர்களில் பலருக்குக் குழந்தை இல்லை. கூச்சத்தில் வெளியே படிக்கட்டருகே நின்றேன். ஒரு பெண் எழுந்து வந்தார்.

"உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே தீதி (அக்கா), பின்ன எதுக்கு இந்த வைத்தியம்?" என்று வங்காள மொழியில் கேட்டார். குரலில் குத்தல் இல்லை. உடனே, "கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கட்டுமா?" என்றார். தன் பெயரைக் கூப்பிடும்வரை அவர் மகளை இறக்கிவிடவில்லை.

அடுத்த பரிசோதனையில் பிரித்த இடம் மீண்டும் ஒட்டியிருந்தது. இன்னொரு முறை செய்யலாம் என்றார் மருத்துவர். கரு தங்கினாலும் நஞ்சுக்கொடி ஆழமாகப் பதிந்து, ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் கணவர், "பாப்பா இருக்கா. நீயும் இருக்கணும்" என்றார்.

சிகிச்சையை நிறுத்திக்கொண்டோம். சரிதானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மாதவிடாய் இப்போதும் சில சொட்டுகள்தான். முன்பு கர்ப்பமாகிவிட்டால் பயணம் கூடாதே என்று, ஊருக்கு முன்கூட்டி ரயில் டிக்கெட் போட்டதே இல்லை. அந்தந்த மாதத்துக்கு அப்பால் நாட்களே இல்லாததுபோல இருந்தேன். போன வாரம் விடுமுறைக்கு மூன்று பேருக்கும் பதிவு செய்தோம்.

"உனக்குக் கீழ் பெர்த்தா?" என்று கேட்டார் கணவர், கடைசி நேரப் பயணங்களில் கரு தங்கியிருக்குமோ என்று எனக்குக் கீழேயே போட்டுவந்த பழக்கத்தில்.

"மேலயே போடுங்க. நான் ஏறிப்பேன்" என்றேன்.