கோசோங் கோப்பியும் என் தொடைச் சதையும்

வீட்டில் யார் எத்தனை இட்லி சாப்பிடுகிறார்கள் என்று எண்ணுவது என் பழக்கம். எனக்கு மூன்று, மச்சினனுக்கு ஆறு. அவன் மூங்கில் கழி போல இருப்பான். நான் நாற்காலியில் அடங்கமாட்டேன். ஆனால் தின்னிப்பண்டாரம் என்ற பெயர் எனக்குத்தான். அதனால்தான், பருமனானவர்களின் தசை கொழுப்பையும் சர்க்கரையையும் எப்படி எரிக்கிறது என்று தொடைச் சதையைத் துளி எடுத்து ஜொகூர் பாருவில் ஆராயப் போகிறார்கள், ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்தேன். ஆரம்பக்கட்ட ஆய்வு. மருந்து கிடையாது, நான் இளைக்கப்போவதும் இல்லை. பரவாயில்லை, என் சதை எனக்காகச் சாட்சி சொல்லட்டும்.

முதல்நாள் இரவிலிருந்து வெறும் தண்ணீர்தான் என்று சொல்லியிருந்தார்கள். விடியுமுன் லாபிஸிலிருந்து மச்சினன் காரில் புறப்பட்டோம். வழியில் பசியாற நிறுத்தினான். அவனுக்கு ரொட்டி சானாய் மூன்று. எனக்குத் தலைவலி.

"கோப்பி ஓ கோசோங் குடிங்க மச்சான். பால் இல்ல, சீனி இல்ல. பேரே கோசோங்தானே, அப்புறம் என்னா?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. கோசோங் என்றால் பூஜ்யம். பூஜ்யத்தைக் கூட்டினால் கணக்கு மாறாதே. குடித்தேன்.

ஆய்வறையில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டார். "தண்ணி தவிர வேற ஏதாச்சும் குடிச்சீங்களா அங்கிள்?"

"கோப்பி ஓ. கோசோங்தான்."

"அலமாக்! கோப்பி குடிச்சா கொழுப்பு எரியிறதே மாறிடும் அங்கிள். இன்னிக்கு சதை எடுக்க முடியாது."

என் இடம் போய்விட்டதா என்று நான்கு முறை கேட்டேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தரலாம், அதுவும் தவறினால் வேறு ஆள் என்றார்.

"நாளைக்கே குடுங்க."

"லாபிஸ் போயிட்டுத் திரும்பவுமா?" என்று மச்சினன் முனகினான்.

"போக வேணாம். இங்கயே ரூம் எடு. நீ தின்றத மட்டும் என் கண்ணுல காட்டாத."

மறுநாள் தொடையை மரக்கவைத்து, தடித்த ஊசியால் டாக்டர் சதையை எடுத்துக் காட்டினார். அரிசிக் குருணை அளவு.

"இவ்ளோதானா டாக்டர்? இன்னும் எடுத்துக்குங்க. நம்மகிட்ட பஞ்சமில்ல."

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

"இது போதும் அங்கிள். ஒப்பிட்டுப் பாக்க ஒல்லியானவங்கதான் கெடைக்க மாட்டேங்கறாங்க."

நொண்டிக்கொண்டே கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த மச்சினனைக் காட்டினேன்.

"ஐயோ மச்சான், எனக்கு ஊசின்னாலே..."

"ராத்திரியிலேர்ந்து வெறும் தண்ணிதான்" என்றேன். "கோசோங்கூட கூடாது."