பின் சக்கரத்துச் சூடு

செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களுக்கு கிரீஸ் போடுகிறவன் நான். ஓடுகிற மோட்டார்மீது புறங்கையை வைத்துப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. ஒரு தண்டின் இரண்டு முனையிலும் இருக்கிற பேரிங் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே கோளாறு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. காரை நிறுத்தியதும் நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

முன் சக்கரம் இரண்டும் எப்போதும் சுட்டன. பின் சக்கரங்கள் தேமே என்று கிடந்தன. முன் பிரேக்கை இரண்டாம் தடவை மாற்றியபோதும் பின் பிரேக் புதுசு போல இருந்தது. பின் பிரேக் பிடிக்கவே இல்லை என்று எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பண்டார் தெங்காராவில் எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக்கிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

“அண்ணே, அது அப்படித்தான்லா,” என்றான். “பிரேக் அடிச்சா வண்டி பாரம் முன்னாடி சாயுது. முன்னாடிதான் சுடும், முன்னாடிதான் தேயும். பின்னாடி சும்மா தொணைக்கு.”

எனக்கே பாடம் எடுக்கிறான் பார் என்று கறுவிக்கொண்டு திரும்பினேன். ஒரு விடுமுறை நாள் காலை, பின் சக்கரங்களைக் கழற்றி பிரேக்கை நானே இறுக்கினேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தொட்டேன். பின்னால் சுட்டது, முன்னால் வெறும் வெதுவெதுப்பு. துள்ளிக் குதிக்காத குறைதான். சமையல் செய்துகொண்டிருந்த மனைவியை இழுத்து வந்து, அவள் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

“பின்னாடி சுட்டா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். தெரிஞ்சுக்க.”

அவளும் தலையாட்டினாள். வண்டி விஷயத்தில் என்னை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாளே அவள் அதே காரில் எங்கள் மகளை ஏற்றிக்கொண்டு மெர்சிங்கில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்கு மதிய ஷிப்ட் இருந்ததால் நான் போகவில்லை. வேலைக்குப் போகிற வழியில் மெக்கானிக் கடை முன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வேறெதற்கு, பீற்றிக்கொள்ளத்தான்.

“இப்பப் பின்னாடி கொதிக்குது, முன்னாடி சூடே இல்ல. எப்படி?”

அவன் சிரிக்கவில்லை. “பிரேக் அடிக்காமலே சுடுதா?”

“ஆமா.”

“அலமாக், அண்ணே! பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. தூரம் போனா உள்ள தீஞ்சிரும். மழையில ஒரு அடி அடிச்சா பின் சக்கரம் இறுகி வண்டி அப்படியே சுத்திரும். வண்டி எங்க?”

“மெர்சிங் ரோட்டுல,” என்றேன். மெர்சிங் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

மனைவிக்குப் போன் அடித்தேன், லைன் இல்லை. மகளுக்கு அடித்தேன், அதுவும் இல்லை. அந்த ரோட்டில் செம்பனைக்கு நடுவே பல இடத்தில் லைன் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். அடப்பாவி, உன் கையாலேயே செய்தாயே என்று வாய்விட்டுச் சொன்னேனாம். மெக்கானிக் பிறகு சொல்லித்தான் தெரியும். அவன்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

எத்தனையாவது தடவையோ, ரிங் போனது. அவள் எடுத்தாள். மழைச் சத்தம் கேட்டது.

“ஏங்க, ஒன்னும் இல்ல, பயப்படாதீங்க. தீஞ்ச வாடை வருதுன்னு இவ நிறுத்தச் சொன்னா. ஒரு கடையோரம் நிறுத்தி, எறங்கித் தொட்டுப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான். பின்னாடி கை வைக்க முடியல, முன்னாடி சூடே இல்ல. அதான் மறுபடி கிளம்பப் போறோம், இவ ஏறி உக்காந்துட்டா.”

“சாவிய எடு! ரெண்டு பேரும் எறங்குங்க!” என்று அலறினேன்.

மழைக்கு நடுவே கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

“நீங்கதானே நல்லதுன்னு சொன்னீங்க?” என்றாள்.