மரவள்ளிக்கு எந்த ஊர்?

தப்பான தகவல் காதில் விழுந்தால் எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். துப்பாமல் இருக்க முடியாது. எங்கள் நாமக்கல் பக்கம் எந்தக் குன்றைக் காட்டினாலும் அதிலிருந்து மைசூர் வரைக்கும் சுரங்கப்பாதை போகிறது என்பார்கள். மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தக் கதையைத்தான் ஆரம்பித்தார். "காவிரிக்கு அடியில எப்படிங்க தோண்டுனாங்க?" என்று கேட்டுவிட்டேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு வாய்ப்பூட்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் வாழப்பாடி மண்டபத்துக்குக் காரில் போகும்போதும் மனைவி விடவில்லை.

"ஏனுங்க, கண்ணாலம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. நம்ம புள்ள அந்த ஊட்டுல வாழப்போகுது. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்."

ஒத்துக்கொண்டேன். பின்சீட்டில் மகள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே நான் எதைச் சொன்னாலும் "ம்" கொட்டுவாள், அதோடு சரி. நான் சொன்னதில் ஒன்றாவது அவள் மண்டையில் ஏறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கையே கிடையாது.

சாயங்காலம் வரவேற்பில் மைக் பிடித்த பெண் பெண்வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் வினாடி வினா என்று அறிவித்தாள். வினாடி வினா நடக்கிற இடத்தில் என்னை வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொல்வது பட்டினி கிடப்பவனைப் பந்தியில் காவலுக்கு வைப்பதுதான்.

நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலில் இல்லாதது என்ன? "கூரை!" என்று எங்கள் வீட்டுக் குழந்தைகள் கோரஸாகக் கத்தினார்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் என்ன தெரியும்? "நந்தி!" என்றது மாப்பிள்ளை வீட்டு ஆத்தூர்க் கட்சி. சினிமாக் கேள்விகளை இரண்டு பக்கத்துப் பெண்களும் பிய்த்து உதறிவிட்டார்கள். கடைசிக் கேள்விக்கு முன்னால் இரண்டு வீடும் சமம்.

"ஜவ்வரிசி செய்யிற மரவள்ளிக் கிழங்கோட பூர்வீகம்..."

அவள் முடிக்கக்கூட இல்லை. ஆத்தூரில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஃபேக்டரி வைத்திருக்கும் என் சம்பந்தி துள்ளி எழுந்து, "எங்க ஆத்தூரு!" என்றார். அவர்கள் பக்கம் விசில் பறந்தது. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். மைக் பெண் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். பிறகு, "பெண் வீட்டார் என்ன சொல்றீங்க?" என்று எங்கள் பக்கம் திரும்பினாள்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். "சொல்லுங்க மாமா, உங்களுக்குத் தெரியாததா?" என்று மைத்துனன் வேறு ஏற்றிவிட்டான். பதில் நாக்கு நுனியில் நின்றது. எதிரே சம்பந்தி இன்னும் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். அந்தக் கிழங்கை நம்பியே தலையெடுத்த குடும்பம். சபை நடுவில் அவரை மட்டம் தட்டிவிட்டு நான் ஊருக்குப் போய்விடுவேன், அந்த வீட்டில் விளக்கேற்றப் போகிறவள் என் மகள்.

"தெரியலைங்க" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற மகள் இறங்கி வந்து மைக்கை வாங்கினாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியும் மாமா. உங்களுக்காகப் பொய் சொல்றாரு" என்று சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் தூக்கி, அச்சாக என் குரலிலேயே ஆரம்பித்தாள். "இப்ப பாரு சாமி, மரவள்ளி தென் அமெரிக்காவுல பொறந்தது. போர்ச்சுக்கீசியன் கப்பல்ல ஏத்தியாந்தான். மலையாளத்துப் பக்கம் எறங்கி, அப்புறந்தான் நம்ம ஊருக்கு வந்துச்சு."

ராசிபுரம் சாலையில், கிழங்குக் காட்டோரம் பைக்கை நிறுத்தி நான் சொன்னது. அப்போது முன்னால் உட்கார்ந்து "ம்" கொட்டிய குழந்தை, ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மருமகளே, வந்து சேர்றதுக்கு முன்னாடியே மாமனாரை ஜெயிச்சுட்டியே!" என்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரிங்க சம்பந்தி, அப்ப மிளகாய்?"

"அதுவும் அங்கிருந்துதாங்க."

"தக்காளி?"

"அதுவுந்தான்."

"அடக் கடவுளே! அப்ப நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் காரத்துக்கு எதைத்தான் போட்டாங்க?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாகூடக் காதைத் தீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் சொல்லப்போவதைக் கேட்க இப்படி யாராவது காத்திருந்து எத்தனை காலம்! அந்தச் சந்தோஷத்தில் மிளகு என்ற ஒற்றைச் சொல் எனக்குச் சட்டென்று வாயில் வரவே இல்லை.