ஐயா இல்லாத கதை

உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் செல்வலட்சுமி டீச்சருக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, போடிக்கு இறங்கிப் படித்து, மறுபடி மலையேறி வந்தவர். உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் நான்கு படிகள்தான் என்பது அவர் சித்தாந்தம். ரசம் வைக்க நான்கு படி, ஈரத்துணி காயவைக்க நான்கு படி. ஐந்தாவது படி உண்டா என்று கேட்ட ஒரே மனிதர் அவர் வீட்டுக்காரர். இப்போது அவரும் கேட்பதில்லை. கதை எழுதவும் அப்படியே: ஒரு ஆள், அவருக்கு ஒரு ஆசை, அதற்கு ஒரு தடை, கடைசியில் ஒரு முடிவு.

ஆறாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு இதற்குத்தான். அந்தப் பீரியடுக்குத்தான் இப்போது ஆபத்து.

"வருஷம் பூரா கதை கதைங்கிறீங்க," என்றார் தலைமையாசிரியர் பெரியமுத்து. "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு கதையக் கண்ணுல காட்டுங்க டீச்சர். இல்லன்னா அடுத்த வாரத்துலருந்து அந்தப் பீரியடு பின்னக் கணக்குக்கு."

பிள்ளைகளிடம் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் அதிகம் என்பதுதான் சிக்கல். லயங்களில் மனு எழுதிக் கொடுப்பவர்களே அவர்கள்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆனை வாழையைத் தின்றுவிட்டது என்று ஏழு வயதிலிருந்து எழுதிக் கை பழகியவர்கள். ஆகவே கதைகளும் 'மதிப்புக்குரிய ஐயா' என்றே தொடங்கின. ஆள் வந்தார், ஆசைப்பட்டார், தடையும் வந்தது. உடனே, 'ஐயா அவர்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' நான்காம் படிக்கு யாரும் ஏறவேயில்லை. அன்றைக்கும் பாண்டீஸ்வரன், இளவரசியைத் தூக்கிப்போன அரக்கன்மேல் புகார் எழுதி, நகல் பஞ்சாயத்துத் தலைவருக்கு என்று முடித்திருந்தான்.

"ஏப்பா, கதையில ஐயா கிடையாது," என்றார் டீச்சர்.

"லீவுல போயிட்டாரா டீச்சர்?"

"பொறக்கவே இல்ல."

வகுப்பு திகைத்தது. காய் எடுக்கப் போகும் அம்மாவின் மகள் மோனிஷா எழுந்தாள். "அப்ப யாருதான் டீச்சர் ஆவன செய்வா?"

"எழுதுறவுகதான். நீதான்."

"என்ன வேணா செய்யலாமா? யாரும் திட்ட மாட்டாகளே?"

"செய்யி."

அப்போது ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது. வந்து, முன்பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தது. கரும்பலகை கரைந்தது, பாண்டீஸ்வரன் பாதி கரைந்தான். பேனா கீறும் சத்தம் மட்டும் எங்கோ தூரத்து ஊரிலிருந்து கேட்டது. பள்ளிக்கூடமே கட்டவிழ்த்துக்கொண்டு மெல்ல மிதப்பதுபோலிருக்க, டீச்சர் நாற்காலிக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மோனிஷாவின் கதையில் அழகுத்தாய் ஏலக்காய் எடுப்பவள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர வேண்டும் என்பது ஆசை. வேலை வாங்கும் கங்காணி தடை. ஒருநாள் பனியில் காய் தெரியாமல், பனியையே கிள்ளிக் கிள்ளிச் சாக்கில் போடுகிறாள். சாக்கு நிறைய நிறைய எடை குறைகிறது. எடை போடச் சாக்கைப் பிடித்த கங்காணி அதோடு மேலே போகிறார். மரத்துக்கு மேலே, மலைக்கு மேலே. போகிற போக்கிலும் 'வேலையப் பாருங்கடி' என்கிறார். குரல் மட்டும் சின்னதாகிக்கொண்டே போகிறது. அழகுத்தாய் செடியடியில் முந்தானையை விரித்துப் படுக்கிறாள்.

மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பெரியமுத்து கணக்குப் புத்தகத்தோடு வந்தார். மோனிஷாவின் நோட்டை நின்றபடி வாசித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார், வெறும் தாள்.

"கங்காணி எங்கம்மா?"

"மேல இருக்காரு சார்."

"இறங்க வேணாமா? மழை வரப்போகுது. பிள்ளகுட்டிக்காரரா வேற இருப்பாரு."

"அத இன்னும் யோசிக்கல சார்."

"டீச்சர், இறக்கிவிடச் சொல்லுங்க!"

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகச் செல்வலட்சுமி டீச்சர், முடிவில்லாத ஒரு கதையைத் திருத்தாமல் மூடி வைத்தார்.

"பீரியடு முடிஞ்சுபோச்சே சார். அடுத்த வெள்ளிக்கிழமைதான் இறக்க முடியும்."

பெரியமுத்து ஜன்னலுக்கு வெளியே அண்ணாந்து பார்த்தார். பனிதான் தெரிந்தது.

"சரி, அடுத்த வெள்ளிக்கிழமை," என்றார். "ஆனா முதல் பத்து நிமிஷத்துக்குள்ள இறக்கிரணும்."