தவிட்டுக்கு வாங்கிய மகள்

அக்காவைப் பற்றிய கட்டுரையை "சாந்தமே உருவானவர், பொறுமையின் சிகரம்" என்று தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று இந்த நினைவு மலரை அச்சிடுபவர் ஆலோசனை சொன்னார். அவரிடம் இதற்கென்றே ஆயத்தமான வசனங்கள் இருக்கின்றன. அக்காவை அறிந்தவர்கள் அதை வாசித்துவிட்டு யாரோ வேறொருவரின் மலர் மாறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அக்கா சாந்தமானவரும் அல்லர், பொறுமையானவரும் அல்லர். அவர் ஒரு சண்டைக்காரி. அவர் இறந்து ஓராண்டு நிறையும் ஆட்டைத் திவசத்தில் உங்கள் கைக்கு வரும் இந்த மலரில் அவர் பிடித்த சண்டைகளில் ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். விருப்பமில்லாதவர்கள் நேரே தேவாரப் பக்கத்துக்குப் போகலாம்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசித் தங்கை. அப்பா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் அக்கா படித்து, பயிற்சி பெற்று, மருத்துவமாதுவாக வன்னிக்கு வேலைக்குப் போனார். காட்டோரக் குடிமனைகளுக்குச் சைக்கிளில் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து வருவது அவருடைய வேலை. குழந்தைகளை நிறுக்கும் தொங்குதராசு எப்போதும் சைக்கிள் கூடையில் இருக்கும். ஒருமுறை சோதனைச் சாவடியில் அதைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். "இது பிள்ளையளை நிறுக்கிறது, உங்களை நிறுக்காது, தாங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் அந்த இடத்தை விட்டு அசைந்தாராம்.

நாட்டு நிலைமை மோசமாகி, எனக்குப் பின்னால் அவரும் சுவிசுக்கு வந்து சேர்ந்தார். கூர் நகரத்தில் என்னோடு இருந்தார். அவருடைய மருத்துவமாதுச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, ஆனால் குழந்தைகள் பிறக்கும் மாடியில் அல்ல, கீழே சமையலறையில். அக்கா அதற்காக அழவில்லை. கோபப்பட்டார். பாத்திரங்கள் அந்தக் கோபத்தை அறியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சனங்கள் பலருக்கு மலைக்கிராமங்களில்தான் இடம் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் ஹோட்டல் சமையலறைகளுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு மேல்மாடி வீட்டில் தனியே இருப்பார்கள். சன்னல் மட்டத்துக்குப் பனி. கதைக்க ஒரு மனிதர் இல்லை. அக்கா தன்னுடைய ஓய்வு நாட்களில் மஞ்சள் தபால் பஸ்ஸில் ஏறி அந்த வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். யாரும் அனுப்பவில்லை. நேரம் கிடைக்கும்போது நானும் கூடப் போவேன். "கலியாணம் கட்டாத பொம்பிளை ஏன் மலையெல்லாம் அலையிறா?" என்று கதைத்தவர்கள் இருந்தார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அக்கா அன்றே பதில் சொல்லிவிட்டதால் நான் மறுபடி சொல்லவில்லை.

அப்படி அவர் போய்வந்த ஒரு பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமத்தில் சாந்தி இருந்தாள். அவள் எனக்குத் தங்கை மாதிரி. ஒருமையில் எழுதுவதற்கு அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். சாந்திக்கும் அவள் கணவர் ரவிக்கும் முன்னே பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகத் துளசி பிறந்தபோது சாந்தி பிள்ளையைக் கையில் எடுக்கவே பயந்தாள். எடுத்தால் ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் இதுவும் போய்விடும் என்று கட்டிலோரத்தில் ஒடுங்கி இருந்தாள். பால் சுரக்கவில்லை.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்காக ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளையை வேறொருவருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். யமன் அந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வரும்போது, "இது எங்கட இல்லை, வித்தாச்சு" என்று சொல்லி ஏமாற்றுவதற்கு. பிள்ளை பெற்றவளிடமே வளரும். ஆனால் கதைக்கு அது வாங்கியவரின் பிள்ளை. பிள்ளை தேறி வளர்ந்தபின் பெற்றவர்கள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

"அப்ப பிள்ளையை எனக்கு வித்துவிடன்" என்றார் அக்கா சாந்தியிடம்.

சுவிஸ் மலையில் தவிட்டுக்கு எங்கே போவது? அக்கா கீழே குதிரை வளர்க்கும் கமக்காரரின் வீட்டுக்குப் போய்த் தனக்குத் தெரிந்த ஜெர்மனில், எங்கள் வாயில் டொச்சில், கேட்டார். எத்தனை குதிரை நிற்கிறது என்று அந்த மனிதர் கேட்க, "குதிரை இல்லை, ஒரு கண்டுக்குட்டிதான் நிக்குது" என்று சொல்லி ஒரு பை கோதுமைத் தவிட்டோடு வந்தார். வழக்கப்படி பிள்ளையைக் கிடத்தி விற்கச் சுளகு இல்லாததால் ரவி வேலை செய்யும் ஹோட்டலின் பாண் கூடையில் கிடத்தினோம். அக்கா சாந்தியின் மடியில் தவிட்டைக் கொட்டினார். பிள்ளையைத் தூக்கினார். "இது என்ர பிள்ளை. எனக்கு வளர்த்துத் தா" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார். சாந்தி வாங்கினாள். முதன்முறையாகப் பயப்படாமல் பிள்ளையை மார்போடு அணைத்தாள். அன்று பின்னேரமே பால் வந்தது.

"அக்கா, நீங்கள் மருத்துவமாது. இதையெல்லாம் நம்புறியளோ?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"நான் நம்ப வேணுமெண்டு ஆர் சொன்னது? அவள் நம்பினாள், பால் சுரந்தது. எனக்கு அது காணும்."

அந்தத் தவிட்டைச் சாந்தி ஒரு தகரப் பேணியில் போட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

பள்ளத்தாக்கில் குழந்தை பிறந்த வீடுகளுக்குப் போய் நிறை பார்த்து ஆலோசனை சொல்லும் தாதி ஒருவர் இருந்தார். பெயர் உர்சினா. நல்ல மனுசி. அவருக்கும் சாந்திக்கும் பொதுவாக இருந்தது சிரிப்பு மட்டும்தான். ஒருநாள் அவர் துளசியைத் தூக்கி, உன் பிள்ளை என்ன வடிவு, எவ்வளவு கொழுகொழு என்று புகழ்ந்திருக்கிறார். நாவூறு படும் என்று சாந்திக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவள் அப்போது டொச் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கடையில் வாங்குவதும் விற்பதும்தான் முதல் பாடம். படித்ததைப் பெருமையோடு பிரயோகித்தாள். பிள்ளை என்னுடையது இல்லை, விற்றுவிட்டேன், வாங்கியவர் கூரில் இருக்கிறார் என்று பிழையில்லாத டொச்சில் சொன்னாள். அவள் வாழ்க்கையில் இலக்கணப் பிழை இல்லாமல் பேசிய முதல் டொச் அதுதான். உர்சினாவின் முகம் வெளுத்துப் போனதாம்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஊர்ச்சபை அலுவலகமான கெமைண்டே கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வைப்பதா என்று தீர்மானிக்கப்போகிறார்கள். வாங்கியவரும் வர வேண்டும். அக்காவுக்கு அப்போது விசா இல்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. பிள்ளை வாங்கிய குற்றத்தில் அகப்பட்டால் அவருடைய கதையும் முடிந்தது.

ரவி சாந்தியோடும் பிள்ளையோடும் கந்தோருக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடத்திலேயே எங்களுக்காகக் காத்து நின்றார். பாவம், ஒரு வாரம் நித்திரை இல்லாத முகம்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். டொச் தெரியாம சாந்தி பிழையாச் சொல்லிப்போட்டா எண்டு சொல்லுங்கோ. விக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை எண்டு சொல்லுங்கோ. விட்டிடுவினம்."

நானும் அதையே சொன்னேன். எவருக்கும் அதுதான் புத்தி. அக்கா சாந்தியைப் பார்த்தார். சாந்தி துளசியை இறுக்கிப் பிடித்தபடி மெல்லச் சொன்னாள்.

"இல்லையெண்டு சொன்னா வித்தது வித்ததாகாது என்ன அக்கா? பிறகு பிள்ளைக்கு ஏதும் நடந்தா?"

"நான் ஏன் இல்லையெண்டு சொல்லுறன்? வாங்கினது வாங்கினதுதான். வா உள்ளுக்கு" என்றார் அக்கா.

உள்ளே அதிகாரி ஒருவரும் உர்சினாவும் இருந்தார்கள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அக்கா அவரை வேண்டாம் என்றுவிட்டுத் தன்னுடைய உடைந்த டொச்சிலேயே நின்றார். இந்தக் குழந்தையை நீங்கள் வாங்கினீர்களா என்று அதிகாரி கேட்டார். ஓம் என்றார் அக்கா. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தவிடு என்றார். அதிகாரி இரண்டாம் தரமும் கேட்டார். அக்கா சாந்தியின் பைக்குள் கையை விட்டு அந்தப் பேணியை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உர்சினா எட்டிப் பார்த்தார். குதிரைக்குப் போடுவது என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அக்கா முழுக்கதையையும் சொன்னார். தங்காத இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பால் சுரக்காததைச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார். வாரா வாரம் வந்து பிள்ளையை நிறுத்தீர்கள், தாயின் நெஞ்சில் இருந்த பாரத்தை யாராவது நிறுத்தீர்களா, அவளோடு அவளுடைய பாஷையில் கதைக்க ஒருவரையாவது கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். சரியான சொல் வராத இடங்களில் தமிழ்ச் சொல்லைப் போட்டுக்கொண்டு நிற்காமல் போனார்.

அதிகாரி பேணியை மூடி ஒரு பக்கம் நகர்த்தினார். அப்படியென்றால் இது யாருடைய பிள்ளை, எனக்கு ஒரே பதில் வேண்டும் என்றார்.

அக்கா எங்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் தமிழில் சொன்னார். "யமன்ர கந்தோரிலை இது என்ர பிள்ளை. உங்கட கந்தோரிலை அவளின்ர பிள்ளை." பிறகு டொச்சில் சொன்னார்.

முதலில் சிரித்தவர் உர்சினா. அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தன்னிடம்தான் பிழை, அந்தத் தாயிடம் இல்லை என்று எங்கள் முன்னாலேயே அதிகாரியிடம் சொன்னார். துளசியை எடுத்துப் போகவில்லை. அக்காவின் விசா விஷயத்தைப் பற்றியும் எவரும் வாய் திறக்கவில்லை.

இனிமேல் தமிழ் வீடுகளுக்குத் தன்னோடு வர முடியுமா என்று உர்சினா வாசலில் வைத்துக் கேட்டார். அக்கா உடனே தலையாட்டவில்லை. பெண்ணின் உடம்பைப் பற்றிய கதைக்குப் புருசனை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்றார். தெரியாத வீட்டுக்குள் சப்பாத்தோடு ஏறக்கூடாது என்றார். பிள்ளையைப் புகழ்வதென்றால் புகழ்ந்த கையோடு "தூ தூ" என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். உர்சினா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். அவருடைய "தூ தூ"வைக் கேட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காக இருவரும் சேர்ந்து போனார்கள். பிள்ளைகளோடு வீட்டில் டொச்சில்தான் கதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடும் என்று யார் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். தாய்மார் தெரிந்த பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் ஊமையாகிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "உனக்கு வராத பாஷையிலை பிள்ளையைக் கொஞ்சாதை. உன்ர வாயால கதை, பாட்டுப் படி, ஏசவேணுமெண்டால் ஏசு. டொச்சை அது றோட்டிலை படிக்கும்" என்பார். அந்த மலைகளின் சிறுபான்மை மொழியான ரோமான்ஷை வீட்டில் பேசி வளர்ந்த உர்சினா அதற்கு ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு அக்காவை நோய் பிடித்தது. தான் பாத்திரம் கழுவிய ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில் படுத்தார். அங்கேயும் சாப்பாட்டுத் தட்டு சரியில்லை என்று சண்டை. கடைசி நாட்களில் சாந்தியை அழைத்தார்.

"தவிட்டைக் கொண்டு வந்து பிள்ளையை மீட்டுக்கொண்டு போ. செத்தவளின்ர பிள்ளையா அது இருக்கப்படாது."

"மாட்டன்" என்றாள் சாந்தி. அக்காவை எதிர்த்து அவள் சொன்ன முதல் சொல் அது. "நான் மீட்டுப்போட்டா உங்களுக்கு இஞ்சை என்ன வேலை? போயிடுவியள். நான் தரமாட்டன்."

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். இந்த மலரின் முகப்பில் இருக்கும் படத்தில் உள்ள சிரிப்பு அதுதான், உர்சினா எடுத்தது. மீட்காமலே அக்கா போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று சொல்கிறவர்கள் மேல் கோபம் வருகிறது.

இனி நன்றி. அக்காவைக் கழுவித் துடைத்த தாதிமாருக்கும், கேட்காமலே கஞ்சி காய்ச்சி மேலே அனுப்பிய சமையலறைத் தோழர்களுக்கும், பனியில் அக்கா ஓடி வருவதைக் கண்டு பஸ்ஸை நிறுத்தி வைத்த சாரதிமாருக்கும், தவிடு தந்த கமக்காரருக்கும், பேர்ணிலும் ஜெனீவாவிலும் இருந்து ரயிலேறி வந்து கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும், அக்காவின் இடத்தில் இப்போது சாந்தியைத் தன்னோடு வீடு வீடாகக் கூட்டிப்போகும் உர்சினாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவைப் பற்றிப் பின்னால் கதைத்தவர்களுக்கும் நன்றி. சண்டை இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கடைசியாக, உற்றார் உறவினர் எல்லோரும் அறிய ஓர் அறிவித்தல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் பெரியவர்கள் சிலர் சாந்தியிடம், செத்தவரின் பிள்ளையாக விடாதே, உடனே மீட்டுவிடு என்று நெருக்கினார்கள். அவள் இப்போது வளர்ந்த பெண்ணாகிவிட்ட துளசியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பேணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மீட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"திருப்பித் தர வரேல்லை அக்கா. பேர் மாத்த வந்தனான். இனி ஆரின்ர பிள்ளை எண்டு சொல்லுறது?" என்று என்னைக் கேட்டாள்.

பேணியைத் திறந்து ஒரு பிடி தவிட்டை அள்ளி அவள் மடியில் போட்டேன். ஆகவே யமன் இந்தப் பக்கம் வந்து விசாரித்தால், வாங்கியவர் இறந்துவிட்டார் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டாம். துளசி என்ர பிள்ளை. அவனை என்னிடம் அனுப்புங்கள். நானும் அந்தச் சண்டைக்காரி வளர்ந்த வீட்டில் வளர்ந்தவள்தான்.