அசிட்டில் கரைந்த பெயர்

1985 கோடையில் கட்டடம் கழுவும் கொம்பனி ஒன்றில் சேர்ந்தேன். மூன்று மாதம் தற்காலிகம், வேலை பிடித்தால் நிரந்தரம். நிரந்தரக் கடிதம் இல்லாமல் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட முடியாது. அந்தக் கடிதத்தைத் தவிர வேறொன்றும் அப்போது என் கண்ணில் படவில்லை.

வேலை ரொறன்ரோவின் பழைய சந்தைச் சதுக்கத்தில். மணிக்கூட்டுக் கோபுரம், தேவாலயம், குதிரைகளுக்கான கல்தொட்டி என்று ஆங்கிலேயர் தங்கள் ஊரையே பெயர்த்து வந்து வைத்திருந்தார்கள். சந்தை மண்டபத்துக்கு முன்னால் முதலாம் உலகப்போரில் இறந்தவர்களின் நினைவுத்தூண். அதில் பதித்த பளிங்குப் பலகையில் வரிவரியாகப் பெயர்கள், புகைபிடித்துக் கறுத்திருந்தன.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பு சிவம் அண்ணை, எனக்கு முன்னமே இங்கே வந்தவர்.

"உதுக்குத் தண்ணியும் மெல்லிய பிரஷும் மட்டும்தான். அசிட் தொடாதை."

"கனநாள் எடுக்குமே அண்ணை?"

"எடுக்கிறதை எடுக்கட்டும்."

எனக்கு அது ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் குளியலறைகளுக்கு ஓடு பதித்தவன் நான். சீமெந்துக் கறையில் அசிட் ஊற்றித் தேய்த்தால் பளபளக்கும். எனக்கா அசிட் தெரியாது? அண்ணை சாப்பிடப் போன நேரம், செங்கல் கழுவ எங்கள் வான் வண்டியில் வைத்திருந்த அசிட்டை எடுத்துப் பலகையில் அடித்தேன். நுரைத்தது. ஊத்தை போகிறதென்று சந்தோஷப்பட்டேன். போனது கல். கழுவிப் பார்த்தால் பலகை பால்வெள்ளை. முன்னமே தேய்ந்திருந்த கீழ்வரிகளில் எழுத்தே இல்லை.

அண்ணை திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"என்னடாப்பா செய்து வைச்சிருக்கிறாய்? சரி, வாயைத் திறவாதை. உன்ரை கடிதம் போயிடும்."

முதலாளி தெருவில் நின்றபடியே வெள்ளையைப் பார்த்து, நல்ல வேலை என்றார். அந்தக் கிழமையே கடிதம் வந்தது.

கடிதம் கிடைத்த மறுநாள், எண்பதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்து பலகையின் கீழ்வரியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"இதில் என் அண்ணன் ஆர்தரின் பெயர் இருந்தது. அவனுடைய உடல் கிடைக்கவில்லை, வேறு கல்லறையும் இல்லை. பெயருக்கு என்ன நடந்தது?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ரெயின், மேடம். ஓல்ட் ஸ்டோன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "ஆமாம், மங்கிக்கொண்டுதான் வந்தது. நான்தான் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன். என் பிழை." பலகையைச் சுத்தமாக்கியதற்கு எனக்கு நன்றியும் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாத கல்லில் தெரிந்த வேலையைக் காட்டாதீர்கள். பிழை விட்டால் விட்டதுதான், அதை இன்னொருவர் தன் தலையில் போட்டுக்கொள்ள மட்டும் விடாதீர்கள்.

மனைவி அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். அந்த அம்மா அன்று ஸ்ரீட்கார் என்கிற தெரு ரயில் வரும்வரை பத்து நிமிடம் தரிப்பில் நின்றார். போய் உண்மையைச் சொல்ல அது போதுமான நேரம்.